கழுத்துக்குக் கீழே

‘உனக்குத் துணிதான் கண்ணுக்குத் தெரியும் தமா. உள்ளே ஒருத்தி இருக்கிறது உனக்கு என்னிக்குமே தெரிஞ்சதில்ல. சரி, போயிட்டு வா.’

கேட்டீர்களா சிஸ்டர்? நீங்களும் இங்கேதானே நின்றீர்கள்? நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கரூரிலிருந்து பாதி தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அதுவும் ‘போயிட்டு வா’ என்று மரியாதை வேறு. ‘போடி’ என்றிருந்தால் தாங்கியிருப்பேன். ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் மரியாதையாகப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசிவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? உள்ளே நுழைகிறேன். அவள் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பாதி ஆள்தான் இருக்கிறாள். தலையில் ஒரு ஸ்கார்ஃப். ஆரஞ்சு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. ‘என்னடி இது, பரோட்டா மாஸ்டர் மாதிரி கட்டியிருக்கே’ என்றேன். அவ்வளவுதான். ஒருத்தியைத் திடீரென்று அந்தக் கோலத்தில் பார்த்தால் வாயில் எது முதலில் நிற்கிறதோ அதுதான் வெளியே வரும். என் வாயில் எப்போதும் அதுதான் நிற்கும். நீங்களாவது கதவைத் திறக்கும்போதே, இந்த மாதிரி அம்மா, கீமோ நடக்கிறது என்று காதில் போட்டிருக்கலாம். ‘உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா’ என்றீர்கள். தண்ணீரா முக்கியம்?

மெதுவாகப் பேச வேண்டுமா? அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் பேசுகிறேன்.

என்ன வியாதி, எங்கே, எத்தனை நாளாக என்றெல்லாம் நான் உங்களிடம் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அவள் சொல்லட்டும். அவள் வாயால் சொல்லட்டும்.

உட்காருங்கள் சிஸ்டர். நீங்கள் நர்ஸ்தான், ஆனாலும் சிஸ்டர் என்று கூப்பிட்டாலே எனக்கு முதுகு தானாக நிமிர்கிறது. கான்வென்ட் வளர்ப்பு அப்படி. திங்கட்கிழமை அசெம்பிளி முடிந்ததும் எங்களை வரிசையாக மண்டியிடச் சொல்வார்கள். ஸ்கர்ட்டின் விளிம்பு தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அங்கேயே மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். அன்று முழுக்க நூல் தொங்கத் தொங்க அலைய வேண்டியதுதான். நானும், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிற இந்த பெர்னடெட்டும் மண்டியிட்டபடியே வரிசையைப் பார்த்து முணுமுணுப்போம். ‘அவ காலரைப் பாரு, நாய்க் காது.’ ‘இவ ப்ளீட்டைப் பாரு, மழையில நனைஞ்ச குடை.’ எங்கள் பேஷன் படிப்பு அப்படி முட்டி வலிக்க ஆரம்பித்தது.

அவளுடைய சித்தி ரோமில் நர்ஸ். லீவுக்கு வரும்போது கண்ணாடிச் சாமான்களை இத்தாலியப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவார். வீட்டில் எல்லோரும் கண்ணாடிச் சாமானைப் பார்ப்பார்கள். நாங்கள் சுற்றி வந்த தாளை நீவி நீவி எடுத்து வைத்துக்கொள்வோம். ஒரு எழுத்து புரியாது, ஆனால் அந்தக் கோட்டின் தோள் ஏன் அப்படி உட்காருகிறது என்பது புரியும். அப்புறம் கேபிள் டிவி வந்தது. இப்போது போன். பாரிஸில் ஒருத்தி மேடையில் கால் எடுத்து வைக்கும்போதே கரூரில் நான் பார்த்துவிடுகிறேன், குக்கரை அணைத்துவிட்டு.

வருஷத்துக்கு இரண்டு சீசன். மாசி பங்குனியில் குளிர்காலத்துக்கான துணி காட்டுவார்கள். புரட்டாசியில் அடுத்த கோடைக்கு. நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ், இதே வரிசையில். நம் ஊரில் சீசன் என்றால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்தம். எனக்கும் பெர்னிக்கும் மட்டும் அந்த நாலு ஊர்.

என் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். வீட்டில் யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் ஊர் ஊராக பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவர். நான் உடுத்தியிருக்கிற புடவை என்ன நிறம் என்று கேட்டால், திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். நியூயார்க்கில் காட்டுவது ஆபீஸ் போகிறவர்களின் துணி, அதற்கு எதற்கு இத்தனை மேளம்? லண்டன்காரர்கள் வேண்டுமென்றே கிழித்து, கிழித்ததற்குக் காரணம் சொல்கிறார்கள். மிலனில் தோலும் பையும் நன்றாகச் செய்வார்கள், துணியில் கை வைத்தால் கொஞ்சம் கல்யாண மண்டப வாசல் ஆகிவிடும். பாரிஸ்தான் பாரிஸ். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே குறை. அந்தப் பெண்கள் யாரும் சிரிப்பதில்லை. துக்கம் கேட்க வந்து வீடு மாறிப் போனவர்கள் மாதிரி விறுவிறுவென்று வந்து, விறுவிறுவென்று போய்விடுகிறார்கள். ஜவுளிக் கடையில் ஒரு முந்தானையை நமக்கு எத்தனை தடவை விரித்துக் காட்டுகிறார்கள்! ஆறு மாதம் வேலை செய்து தைத்ததை இரண்டு தடவை திரும்பி நின்று காட்டினால் என்ன குறைந்துவிடும்?

வெட்டத் தெரிந்தவனுக்கு அலங்காரம் வேண்டாம். இது என் கட்சி. பெர்னி எதிர்க்கட்சி. ‘அலங்காரம் இல்லேன்னா அது யூனிபார்ம்டி, பள்ளிக்கூடத்துல போட்டது போதும்’ என்பாள். மணி, ஜரிகை, இறகு, எதை ஒட்டினாலும் அவளுக்குச் சந்தோஷம். இதற்காகவே மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் இருதயராஜ் பாவம், நடுவில் மாட்டிக்கொள்வார். ‘அண்ணா, நீங்க சொல்லுங்க, இந்த இறகு தேவையா?’ என்று போனில் கேட்பேன். ‘கோழி என்னம்மா சொல்லுச்சு?’ என்பார்.

சரி, இதையெல்லாம் நாங்கள் உடுத்த முடியுமா? கரூர் பஸ் ஸ்டாண்டில் இறகுக் கவுனோடு நின்றால் நாய் துரத்தும். எங்களுக்கென்று இருப்பது ஒரு பிளவுஸ். அதனால் ஒரு சட்டம் வைத்தோம். சீசனுக்கு ஆளுக்கு ஒரு உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரே ஒரு விஷயம், ஒரு கையோ, ஒரு கழுத்தோ, முதுகில் ஒரு முடிச்சோ, பிளவுஸுக்கு வர வேண்டும். அடுத்து வருகிற முதல் விசேஷத்துக்கு அதைப் போட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்து மற்றவளுக்கு அனுப்ப வேண்டும். பத்துக்கு மார்க். ‘நல்லா இருக்கு’ என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்ல சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, படம் கழுத்துக்குக் கீழேதான். தலை வரக் கூடாது. இது அவள் போட்ட சட்டம், நான் போட்டதில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘மூஞ்சியப் பாத்தா உனக்கும் மனசு இளகும், எனக்கும் இளகும். அப்புறம் மார்க் நேர்மையா விழாது’ என்றாள். சரி என்றேன். என் போனில் அவள் படம் அத்தனை இருக்கிறது சிஸ்டர், வருஷ வருஷமாக. ஒன்றில்கூட முகம் இல்லை.

அவள் என்னைச் சொல்லாததா? என் நாத்தனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் பலூன் கை வைத்துப் போட்டேன். அந்த சீசன் பாரிஸில் எல்லோருக்கும் அந்தக் கைதான். ‘தமா, ஒரு பக்கம் சிலிண்டர், ஒரு பக்கம் ஸ்டெப்னி, நடுவுல டிரைவரைக் காணோம்’ என்று அனுப்பினாள். நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாயசத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தார்கள். நான் கோபித்துக்கொண்டேனா? தாழ்ப்பாள் போட்டேனா?

போன மாசி மாதம் சீசன் ஆரம்பித்தது. அவள் குரலே சரியில்லை. நான் நீளமாக வாய்ஸ் அனுப்பினால், அவளிடமிருந்து ‘ம்’, ‘ஆமா’, ‘பாத்தேன்’. ‘என்னடி, நாக்கை அடகு வச்சிட்டியா’ என்று கேட்டேன். ‘காய்ச்சல்டி’ என்றாள். காய்ச்சல் என்றால் நான் என்ன நினைப்பேன்? காய்ச்சல் என்றுதான் நினைப்பேன். கஷாயம் குடி என்றேன்.

அப்புறம் அவள் தேர்ந்தெடுத்த உடையைக் கேளுங்கள். அந்த சீசனிலேயே யாரும் சீந்தாத உடை. வலது தோளிலிருந்து இடுப்புவரை துணியை மடித்து மடித்து அடுக்கி, ஒரு பெரிய கொசுவம் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். இடது பக்கம் ஒன்றுமே இல்லை, மொட்டை. மணி இல்லை, ஜரிகை இல்லை, இறகு இல்லை. பெர்னி எடுக்கிற உடையா அது? ‘உன் கட்சியை விட்டு எப்ப ஓடினே?’ என்று கேட்டேன். ‘இந்தத் தடவை இதுதான்’ என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

ஈஸ்டர் முடிந்து இருதயராஜ் அண்ணனின் அக்கா மகளுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆடிட்டர் வருகிறார் என்று நான் போகவில்லை. படம் வந்தது. நீங்கள் புடவை கட்டுகிறவர்தானே, உங்களுக்குத் தெரியும். இடது பக்கத்தை முந்தானை மூடிவிடும். பிளவுஸில் என்ன வேலை செய்தாலும் வலது பக்கம்தான் காட்சி. அங்கேதான் அந்தக் கொசுவம். அது நிற்க வேண்டும் சிஸ்டர்! மேடையில் அந்தப் பெண்ணுக்கு எப்படி நின்றது! இவளுக்கு அப்படியே சரிந்து கிடந்தது. உள்ளே தாங்குவதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி. படமும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு அரை மார்க் குறைத்தேன்.

நான் அனுப்பிய வாய்ஸ் அப்படியே ஞாபகம் இருக்கிறது. ‘ரெண்டு மார்க். அதுவும் துணிக்கு. வலது பக்கம் காத்து இறங்கின பலூன் மாதிரி தொங்குது பெர்னி. டெய்லரை மாத்து, இல்லேன்னா உடம்பை மாத்து.’ நல்ல வரிதானே? அனுப்பிவிட்டு நானே இரண்டாவது தடவை போட்டுக் கேட்டேன்.

கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

நான் விட்டேனா? ‘மார்க் பத்தலையா, மறுகூட்டலுக்குப் பணம் கட்டு’ என்றேன். ‘மேடம் ரொம்ப பிஸியோ’ என்றேன். ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. இந்த சீசன் நியூயார்க் போனது, லண்டன் போனது, மிலனில் ஒருத்தர் தலையணை உறை மாதிரி தைத்து அனுப்பியிருந்தார், இவள் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். தனியாகச் சிரிப்பது எவ்வளவு அசிங்கம் தெரியுமா சிஸ்டர்? சமையற்கட்டில் நின்று சிரிக்கிறேன், என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து ‘யாரு போன்ல?’ என்கிறார். யாருமில்லை. பாரிஸும் இன்றோடு முடிகிறது. பொறுத்தது போதும், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று காலையில் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, புத்தூருக்கு ஆட்டோ பிடித்து, அந்த ஆளிடமும் ஒரு சண்டை போட்டு வந்து நிற்கிறேன். வந்தால் ஆரஞ்சு ஸ்கார்ஃப்.

ஏன் சிஸ்டர் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன?

எந்தப் பக்கம் என்றீர்கள்?

வலதா.

அது எப்போது? இப்போதா, இந்த மாதமா?

இல்லை. இருங்கள். நீங்கள் சொல்வது சரியாக வரவில்லை. கல்யாணம் ஈஸ்டர் முடிந்து. நீங்கள் பிப்ரவரி என்கிறீர்கள். பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல். அவளே சொன்னாள், வாய்ஸ் இருக்கிறது, போட்டுக் காட்டட்டுமா? உங்களுக்கு வேறு பேஷன்ட் ஞாபகம். இத்தனை வீட்டுக்குப் போகிறீர்கள், மாறிப்போகும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து நீங்கள்தானா?

மார்பை முழுவதுமாகவா எடுத்துவிட்டார்கள்?

என் கைப்பையை எடுங்கள். போன் அதில்தான். இல்லை, தண்ணீர் வேண்டாம்.

இதோ. இந்தப் படம்தான். பாருங்கள், கழுத்துக்குக் கீழே. தலை இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? அப்போதே முடி கொட்டியிருக்குமா? கொட்டிவிட்டதா. ம். இது என்ன, கொசுவத்துக்கு அடியில்? விரலா? பெரிதாக்கிப் பார்த்ததேயில்லை. வலது கையை மேலே தூக்கவே முடியாதா அப்போது? அதனால்தான் போனை இடது கையில் பிடித்திருக்கிறாள். அதனால்தான் படம் சாய்ந்திருக்கிறது. வலது கை விரலால் அந்தத் துணி விழாமல் தாங்கிப் பிடித்திருக்கிறாள், பாருங்கள். ஒரு ஊசி குத்திக்கொண்டால் போதுமே. இப்படிச் செய்யாதே, ஊசி குத்து என்று நான் சொல்லியிருப்பேனே.

கல்யாணத்துக்கே போகவில்லையா? அந்த பிளவுஸைப் போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, கழற்றிப் படுத்துவிட்டாளா?

இருதயராஜ் அண்ணன் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அவரும் சேர்ந்துகொண்டாரா?

அவள் சொல்லக் கூடாது என்றாளா? என்ன சொன்னாள்? அப்படியே சொல்லுங்கள். ‘எல்லாரும் என்னைப் பாத்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுறாங்க. தமா ஒருத்திதான் பழையபடி திட்டுறா. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க.’

அப்படிச் சொன்னாளா.

அப்படியென்றால் நான் செய்ததில் என்ன தப்பு சிஸ்டர்? நீங்களே சொல்லுங்கள். பழையபடி திட்ட வேண்டும் என்று அவள் கேட்டாள். நான் பழையபடி திட்டினேன். கேட்டதைத்தானே கொடுத்தேன்? அதற்கு ஆறு மாதம் பேசாமல் இருப்பதா? ‘உள்ளே ஒருத்தி இருக்கிறது உனக்குத் தெரியாது’ என்றால் எப்படித் தெரியும்? ஒளித்து வைத்துவிட்டுத் தெரியவில்லை என்றால்? கொஞ்சம் நகருங்கள். கதவுகிட்டே போகிறேன்.

பெர்னி! நான்தான். போகல. இங்கதான் நிக்கிறேன்.

நீ சொல்லியிருக்கணும்டி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறித் தலையோட ஒரு படம் அனுப்பியிருக்கக் கூடாதா? நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சே? அழுவேன்னா? நான் அழுகிறவளா? ஊர்ல இருக்கிற எல்லாரும் உன்கிட்ட குரலைத் தாழ்த்திப் பேசினா நானும் தாழ்த்துவேனா? என் குரல் தாழாதுடி. நம்ம மதர் சுப்பீரியரே முயற்சி பண்ணி விட்டுட்டாங்க.

சிஸ்டர், உள்ளே ஏதாவது சத்தம் கேட்டதா? கட்டில் சத்தமா? இல்லையா.

மணி என்ன? ஐந்தரை ஆகப் போகிறதா? அப்படியானால் ஆரம்பித்திருப்பார்கள். இல்லை, அவளைத் தொந்தரவு செய்யவில்லை. போனை இப்படிக் கதவு ஓரமாகத் தரையில் சாய்த்து வைக்கிறேன். எனக்கு ஒரு தலையணை கொடுங்கள், முட்டி வலிக்கிறது, உட்கார்ந்துகொள்கிறேன்.

பெர்னி, பாரிஸ் கடைசி நாள். ஆரம்பிச்சாச்சு. உன் போன்லயும் வரும், எடுத்து வச்சுக்கோ. மேடை முழுக்க மணலைக் கொட்டியிருக்காங்க. அத்தனை பேரும் செருப்பைக் கையில எடுத்துட்டு நடக்கப் போறாங்க பாரு. முதல்ல ஒரு சாம்பல் கலர் கோட்டு வருது. தோள் சரியில்ல. கோடைக்குக் கோட்டு எதுக்கு, அவங்க ஊர்ல வெயிலே கிடையாதா? அடுத்தது வெள்ளை. இது பரவாயில்ல. இடுப்புல ஒரே ஒரு வெட்டு, வேற ஒண்ணும் கிடையாது. என் கட்சி. நீ கத்துவே. கத்து.

இறகு வந்தாச்சு பெர்னி. உனக்குன்னே அனுப்பின மாதிரி, கழுத்துலயிருந்து முட்டி வரைக்கும் இறகு. இந்தப் பொண்ணு லேசா சிரிக்கிறா, பாத்தியா? சிரிச்சிட்டு உடனே அடக்கிக்கிட்டா. யாரோ திட்டியிருப்பாங்க.

நான் இன்னிக்குக் கரூர் போகல. அவர் ஹோட்டல்ல சாப்பிட்டுக்கட்டும். சிஸ்டர் எனக்கு இங்க ஹால்ல பாய் போடுவாங்க. போடுவீங்கதானே சிஸ்டர்?

கடைசிக்கு வந்துட்டாங்க. எல்லா விளக்கையும் அணைச்சிட்டு ஒரே ஒருத்தி வர்றா. நீளமா ஏதோ, தரையைக் கூட்டிக்கிட்டு வருது, மணல்ல கோடு விழுது. பட்டா, ஆர்கண்டியா, ஒண்ணும் பிடிபடல. இங்க இந்த டியூப் லைட் வேற போன்ல விழுந்து கூசுது. ஒரு நேரம் பச்சையாத் தெரியுது, ஒரு நேரம் நீலமாத் தெரியுது, எல்லாம் கலங்கிப்போய்த் தெரியுது. எனக்குச் சரியாத் தெரியலடி. நீ அங்க இருட்டுல இருக்கே, உனக்கு நல்லாத் தெரியும்.

அது என்ன கலர் பெர்னி? பாத்துச் சொல்லேன்.